ஆறு தீர்மானிக்காத அகலம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஜயான் தேசியப் பூங்காவுக்குள் ஓடும் வர்ஜின் ஆற்றின் வடகிளை அப்படியொன்றும் பெரிய ஆறு இல்லை. கோடையில் பல இடங்களில் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடந்துவிடலாம். அந்தச் சிற்றாறு ஒரே பூங்காவுக்குள் இரண்டு விதமான பள்ளத்தாக்குகளைச் செதுக்கியிருக்கிறது. மேற்பகுதியில், நாரோஸ் என்று அழைக்கப்படும் இடத்தில், இருபுறமும் ஆயிரம் அடிக்கு மேல் சுவர்கள் எழுகின்றன. நடுவில் சில இடங்களில் இருபது, முப்பது அடி இடைவெளிதான். அந்த இடைவெளி முழுக்க ஆறு. கரை என்று ஒன்று கிடையாது. அங்கிருந்து சில கிலோமீட்டர் கீழே வந்தால் அதே ஆறு, அதே நிறச் சுவர்கள். ஆனால் நடுவில் சாலை போகிறது, விடுதி இருக்கிறது, புல்வெளி இருக்கிறது, மான்கள் மேய்கின்றன.

இடையில் பெரிய துணையாறு எதுவும் வந்து சேரவில்லை. தண்ணீரின் அளவு ஏறக்குறைய அதேதான். பிறகு எப்படி இந்த அகலம் வந்தது? ஜயானுக்குப் போகிற எவருக்கும் இந்தக் கேள்வி தோன்ற வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் விடை அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், சுவரில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கப் பழகிக்கொள்ள லாஸ் வேகஸிலிருந்து காரில் போவதைவிட நல்ல வழி இல்லை.

லாஸ் வேகஸிலிருந்து ஜயான் சுமார் 260 கிலோமீட்டர். இன்டர்ஸ்டேட் 15 நெடுஞ்சாலையில் வடகிழக்கே போனால் நடுவில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகும். முதலில் நெவாடாவின் தட்டையான பாலைவனம். பிறகு அரிசோனா மாநிலத்தின் ஒரு மூலையைச் சாலை வெட்டிக்கொண்டு போகிறது. அந்த மூலையில்தான் வர்ஜின் ஆற்று இடுக்கு வருகிறது. 1973-இல் திறக்கப்பட்ட இந்தச் சாலைத் துண்டு சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே ஆற்றை மாறி மாறிக் கடக்கிறது. பாலத்தின் கீழே கலங்கலாக ஓடுவது ஜயானைச் செதுக்கிவிட்டு மீட் ஏரியை நோக்கிப் போகும் அதே தண்ணீர். அந்தக் கலங்கலில் கரைந்து போய்க்கொண்டிருப்பது ஜயான்தான். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பாறையும் மணலும் இந்த ஆற்றில் அடித்துச் செல்லப்படுவதாகக் கணக்கு.

செயின்ட் ஜார்ஜ் நகரைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு விலகியதும் எதிரே ஒரு நீண்ட செங்குத்துச் சரிவு குறுக்கே நிற்கிறது. ஹரிகேன் பிளவின் முகம் அது. இதற்கு மேற்கே நிலம் பல ஆயிரம் அடி கீழே இறங்கியிருக்கிறது. கிழக்கே கொலராடோ பீடபூமி உயர்ந்து நிற்கிறது. பீடபூமியின் விளிம்பிலிருந்து இறங்குவதால்தான் வர்ஜின் ஆற்றுக்கு அத்தனை வேகம். ஜயானுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு 30 முதல் 50 அடி வரை அது இறங்குகிறது. வட அமெரிக்காவின் மிகச் சரிவான ஆறுகளில் ஒன்று என்று சொல்லும் அளவுக்கு இறக்கம்.

அந்தச் சரிவில் சாலை ஏறும்போது பக்கத்தில் தெரியும் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். கைபாப் சுண்ணாம்புக்கல். கிராண்ட் கேன்யனுக்குப் போனவர்கள் இதன்மேல்தான் நின்று கீழே எட்டிப் பார்த்திருப்பார்கள். அங்கே உச்சி அடுக்கு இது. இங்கே இதுதான் அடித்தளம். கிராண்ட் கேன்யன் முடிகிற இடத்தில் ஜயான் தொடங்குகிறது. ஜயான் முடிகிற இடத்தில், இன்னும் வடகிழக்கே இருக்கும் பிரைஸ் கேன்யன் தொடங்குகிறது. மூன்று பூங்காக்களையும் ஒரே பயணத்தில் பார்க்கிறவர்கள் பலர். அவர்கள் ஒரே பாறை அடுக்கில் ஏறிக்கொண்டே போகிறார்கள்.

இங்கிருந்து பூங்கா வாசல்வரை அரை மணி நேரப் பயணம். அதற்குள் கார் சுமார் 27 கோடி ஆண்டுப் பாறையிலிருந்து 18 கோடி ஆண்டுப் பாறை தெரியும் இடத்துக்கு வந்துவிடுகிறது. வர்ஜின் என்ற சிற்றூரைச் சுற்றி செம்மையும் வெண்மையுமாகக் கோடு கோடாய் நிற்கும் குன்றுகள் மோயன்கோப்பி அடுக்கு, ஆழமற்ற கடலின் ஓரத்துச் சேறு. அதற்கு மேல் ஊதாவும் சாம்பலுமாக சின்லே அடுக்கு. எரிமலைச் சாம்பல் கலந்த களிமண் அது, நனைந்தால் ஊதிப் பெருக்கும். இந்த இரண்டும் மெத்தென்ற பாறைகள். அதனால்தான் இங்கெல்லாம் பள்ளத்தாக்கு பரந்து கிடக்கிறது, ஊர்களும் பழத்தோட்டங்களும் அமைய இடம் கிடைத்தது.

மெத்தென்ற பாறைமேல் குடியிருப்பதன் விலையையும் இங்கே ஓர் ஊர் கொடுத்திருக்கிறது. 1992 செப்டம்பரில் செயின்ட் ஜார்ஜ் அருகே 5.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. மையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஸ்பிரிங்டேலில், பூங்கா வாசலுக்கு அருகில், ஒரு மலைச்சரிவு அப்படியே நகர்ந்து மூன்று வீடுகளை உடைத்தது. சரிந்தது சின்லே களிமண்.

பூங்காவுக்குள் மையச் சாலையில் ஆண்டின் பெரும்பகுதியில் சொந்தக் காரை விட மாட்டார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் பேருந்துதான். ஆண்டுக்கு ஐம்பது லட்சத்தை நெருங்கும் கூட்டத்துக்கு வேறு வழியில்லை; எனக்கு இந்த ஏற்பாட்டில் முழுத் திருப்தி. ஓட்டுகிற கவலை இல்லாமல் கழுத்தை வளைத்து மேலே பார்க்கலாம். மேலே இருப்பது நவஹோ மணற்கல்.

இந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜயானில் இதன் தடிமன் 2,000 அடியைத் தாண்டும். அத்தனையும் மணல்மேடு. ஜுராசிக் காலத்தில் இன்றைய யூட்டாவையும் அக்கம்பக்க மாநிலங்களின் பெரும்பகுதியையும் மூடிக் கிடந்த பாலைவனம், பூமியின் வரலாற்றிலேயே நாம் அறிந்த மிகப் பெரிய மணற்கடல்களில் ஒன்று. காற்று மணலை மேட்டின் ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் கொட்டும். கொட்டிய பக்கம் சாய்வான அடுக்குகளாகப் படியும். ஒரு மேட்டின் தலையைக் காற்று சீவிவிட்டு அதன்மேல் இன்னொரு மேட்டைக் கொண்டுவந்து வைக்கும். பாறையாக இறுகிய பின்னும் அந்தச் சாய்கோடுகள் அழியவில்லை. சுவரில் அவை பெரும்பாலும் தெற்கே சாய்ந்திருக்கின்றன. அன்றைய காற்று வடக்கிலிருந்து வீசியிருக்கிறது.

அவ்வளவு மணலும் எங்கிருந்து வந்தது? அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டிக்கின்சனும் ஜார்ஜ் கெரல்ஸும் மணலுக்குள் இருக்கும் சிர்க்கான் என்ற நுண்ணிய படிகங்களின் வயதைக் கணித்தார்கள். சிர்க்கான் உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். அது தெரிந்த வேகத்தில் ஈயமாக மாறும். இரண்டின் விகிதத்தை அளந்தால் படிகம் பிறந்த காலம் தெரிந்துவிடும். 2003-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு ஆச்சரியமானது. படிகங்களில் பெரும்பங்கின் வயது பக்கத்து மலைகளோடு பொருந்தவில்லை. கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் அப்பலாச்சியன் மலைகளோடு பொருந்தியது. பெரிய ஆறுகள் கிழக்கிலிருந்து அந்த மணலைக் கண்டத்தின் குறுக்கே சுமந்து வந்திருக்கின்றன. பிறகு காற்று அதை எடுத்துக்கொண்டது.

இந்த மணற்கல்லில் இருப்பவை பெரும்பாலும் ஒரே அளவிலான குவார்ட்ஸ் மணிகள். அவற்றை ஒட்டிவைத்திருப்பது சுண்ணப்பொருளும் இரும்பு ஆக்சைடும். சுவருக்குச் செம்மை தருவதும் அந்த இரும்புதான். உச்சியில் கல் வெளுத்திருப்பது, உள்ளே ஊடுருவிய நீர்மங்கள் இரும்பைக் கரைத்துக்கொண்டு போனதால். மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான கல் என்பதால் அது படிப்படியாக உடைவதில்லை. கிராண்ட் கேன்யனில் கடினமும் மென்மையும் மாறி மாறி வருவதால் சுவர் படிக்கட்டு போல இறங்குகிறது. இங்கே ஒரே வீழ்ச்சி. போதாததற்குக் கல் நெடுக நேர்செங்குத்தான வெடிப்புகள் ஓடுகின்றன. ஆறும் ஓடைகளும் அந்த வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் ஜயானின் பல பள்ளத்தாக்குகள் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடப்பது அதனால்தான்.

நவஹோ மணற்கல்லுக்குக் கீழே இருக்கும் அடுக்கின் பெயர் கயென்டா. பாலைவனம் வருவதற்கு முன் இங்கே ஓடிய ஆறுகள் விட்டுப்போன வண்டலும் சேறும். டைனோசர்களின் காலடித் தடங்கள் அதில் கிடைத்திருக்கின்றன. நவஹோவின் புகழில் பாதிகூடக் கயென்டாவுக்கு இல்லை. ஆனால் பள்ளத்தாக்கின் அகலத்தைத் தீர்மானித்தது கயென்டாதான்.

பேருந்தின் கடைசி நிறுத்தம் டெம்பிள் ஆஃப் சினவாவா. அங்கிருந்து ஆற்றோரமாக ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒரு நடைபாதை போகிறது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டும் போகலாம். அந்தப் பாதையில் மேலே வறண்ட சுவர், கீழே ஓரிடத்தில் ஈரம் என்று மாறும் இடம் வரும்போது நின்று கையை வைத்துப் பாருங்கள். மேலே சொரசொரப்பு; தேய்த்தால் விரலில் மணல் ஒட்டும். ஒரு சாண் கீழே சுவர் சில்லென்று நனைந்திருக்கும், பாசி படர்ந்திருக்கும், கொத்துக் கொத்தாக மயிற்சிகைப் பெரணி தொங்கும். சொட்டுகள் பெரணியின் நுனியில் திரண்டு விழும். சுற்றிலும் பாலைவனம், இங்கே மட்டும் செங்குத்தில் ஒரு தோட்டம்.

பீடபூமியின் மேல் பெய்யும் மழையும் உருகும் பனியும் மணற்கல்லின் நுண்துளைகள் வழியாக மெல்ல இறங்குகின்றன. கயென்டா வந்ததும் களிமண் வழிவிடுவதில்லை. தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, சுவர் திறந்திருக்கும் இடத்தில் கசிகிறது. பூங்காவின் வீப்பிங் ராக் என்ற இடத்தில் கசியும் நீர், மேலே மழையாக விழுந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு குட்டி நத்தை இந்தக் கசிவுகளில் மட்டும் வாழ்கிறது. ஜயான் நத்தை என்றே பெயர். குண்டூசித் தலையளவுதான் இருக்கும். கையால் சுவரைத் தடவும்போது நினைவில் வைக்க வேண்டிய உயிர்.

இந்தக் கசிவுதான் அகலத்தின் ரகசியம். மணிகளை ஒட்டிவைத்திருக்கும் சுண்ணப்பொருளை அந்தத் தண்ணீர் கரைக்கிறது, மணல் உதிர்கிறது. கீழே கயென்டாவை ஆறு எளிதாக அரித்துக்கொண்டு போகிறது. அடியில் மண் அரிபட்ட திண்ணைச் சுவர் போல, மேலே நிற்கும் நவஹோவுக்குத் தாங்குதல் போய்விடுகிறது. செங்குத்து வெடிப்புகள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. ஒரு பாளம் கழன்று விழும். விழுந்த இடத்தில் புதிய செங்குத்துச் சுவர் தெரியும். ஆறு விழுந்ததைப் பொடித்துக் கொண்டுபோகும். மறுபடி அடி அரிபடும். சுவர்கள் சாய்வதில்லை, நேராக நின்றபடியே பின்வாங்குகின்றன. சுவரில் ஆங்காங்கே பெரிய வளைவுகள் வில் வடிவில் தெரிவது பாளங்கள் கழன்ற தழும்புகள்.

ஆக, ஆறு நவஹோவுக்குள் இருக்கும்வரை கீழ்நோக்கி மட்டும் அறுக்கிறது; அதன் அகலம் ஆற்றின் அகலம். கயென்டாவைத் தொட்ட பிறகு அகலம் ஆற்றின் கையில் இல்லை. டெம்பிள் ஆஃப் சினவாவாவுக்கு மேலே நாரோஸில் ஆறு இன்னும் நவஹோவைத் தாண்டவில்லை. அதற்குக் கீழே தாண்டிவிட்டது.

அகலப்படுவது எப்போதும் பாளம் பாளமாக, நிதானமாக நடப்பதில்லை. சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன் சென்டினல் என்ற சிகரத்தின் பக்கம் இடிந்து விழுந்தது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதைக் கணினியில் மறுஉருவாக்கம் செய்து பார்த்தார்கள். விழுந்தது சுமார் 28.6 கோடி கனமீட்டர் பாறை. ஆறு அடைபட்டு ஏரியானது. ஏறக்குறைய 700 ஆண்டுகள் அந்த ஏரி இருந்தது. அதற்குள் வண்டல் நிரம்பிவிட்டது. இன்று விடுதியும் புல்வெளியும் இருக்கும் அந்தச் சமதளம் ஏரியின் தரை. செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே யாரோ மட்டம் தட்டி வைத்ததுபோல் தரை கிடப்பது ஏன் என்பதற்கு இதுதான் பதில். அந்தச் சரிவின் குவியலை ஆறு இன்னும் அரித்து முடிக்கவில்லை. 1995 ஏப்ரலில் அதில் ஒரு பகுதி மீண்டும் நழுவி ஆற்றை மறித்தது. ஆறு சாலையை அறுத்துக்கொண்டு போனது. விடுதியில் தங்கியிருந்தவர்கள் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

நடைபாதை முடியும் இடத்தில் படிகள் ஆற்றுக்குள் இறங்குகின்றன. அதற்கு மேல் ஆறுதான் பாதை. ஸ்பிரிங்டேல் கடைகளில் தண்ணீருக்கான காலணி, தடித்த நியோப்ரின் காலுறை, தோளளவு மரக்கம்பு மூன்றையும் வாடகைக்குத் தருகிறார்கள். கம்பை மட்டும் தவிர்க்காதீர்கள். கால் வைக்கும் இடமெல்லாம் தேங்காய் அளவு உருளைக்கற்கள், பாசி வழுக்கும், தண்ணீர் கலங்கலாக இருந்தால் அடி தெரியாது. கம்பால் முன்னே தட்டிப் பார்த்து, ஊன்றி, பிறகு ஒரு கால். கோடையிலும் தண்ணீர் சில்லிட்டிருக்கும். அந்த ஆழத்துக்கு நாளில் கொஞ்ச நேரம்தான் வெயில் இறங்குகிறது.

மேலிருந்து முழு நாரோஸையும் நடந்து வந்தால் 26 கிலோமீட்டர். அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். கீழிருந்து பிக் ஸ்பிரிங் என்ற ஊற்றுவரை போய்த் திரும்ப அனுமதி தேவையில்லை. சில மணி நேரம் நடந்த பின் வால் ஸ்ட்ரீட் என்ற பகுதி வரும். சுவர்கள் நெருங்குகின்றன, வானம் ஒரு கோடாகிறது. அங்கே நான் முக்கியமாகப் பார்த்தது சுவரின் அடிப்பாகத்தை. மேலே சொரசொரத்த கல், ஆற்று மட்டத்திலிருந்து ஆள் உயரத்துக்கு மேல்வரை வழுவழுப்பாக, குழிந்து, உட்பக்கம் வளைந்திருக்கிறது. கசியும் தண்ணீரால் அப்படித் தேய்க்க முடியாது. வெள்ளத்தில் உருண்டு வரும் மணலும் கல்லும் உரசிய இடம் அது. ஓரிடத்தில் தலைக்கு மேல் வெகு உயரத்தில் ஒரு மரத்தண்டு இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகி நின்றது. தண்ணீர் அந்த உயரத்தில்தான் அதை விட்டுப் போயிருக்க வேண்டும்.

கடந்த பத்து லட்சம் ஆண்டுகளில் வர்ஜின் ஆறு சுமார் 1,300 அடி ஆழம் அறுத்திருக்கிறது. பக்கத்தில் உறைந்த எரிமலைக் குழம்பின் வயதை வைத்து நிலவியலாளர்கள் இதைக் கணித்தார்கள். குழம்பு ஓடியபோது ஆற்றின் அடிமட்டமாக இருந்த இடம் இன்று எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று பார்த்தால் போதும். சராசரியாக ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் சராசரி இங்கே நம்மை ஏமாற்றும். முழங்கால் அளவுத் தண்ணீர் கல்லை அறுப்பதில்லை. நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை கோட்பாட்டளவில் 64 மடங்காகிறது. ஆண்டு முழுக்க நடக்காத வேலை ஒரு பிற்பகலில் நடந்துவிடும்.

அந்தப் பிற்பகல் பெரும்பாலும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் வருகிறது. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று பீடபூமிமேல் இடிமழையாகக் கொட்டும் பருவம். மண் இல்லாத வெறும் பாறை; பெய்வதில் பெரும்பகுதி உடனே ஓடுகிறது. பல கிலோமீட்டர் பரப்பில் விழுந்தது இருபதடி இடுக்கில் வந்து நுழைகிறது. பக்கவாட்டில் பரவ இடம் இல்லாததால் மேலே ஏறுகிறது. நம் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கலாம். 2015 செப்டம்பர் 14 அன்று பூங்காவின் கிழக்குப் பகுதியில் கீஹோல் என்ற குறுகிய இடுக்குக்குள் இறங்கிய ஏழு பேர் இப்படிப்பட்ட வெள்ளத்தில் இறந்தார்கள். அன்று வினாடிக்கு 55 கன அடியாக ஓடிக்கொண்டிருந்த வடகிளை கால் மணி நேரத்தில் 2,600 கன அடியைத் தாண்டியது.

வடகிளையில் வினாடிக்கு 150 கன அடிக்கு மேல் ஓடினால் நாரோஸை மூடிவிடுகிறார்கள். அன்றன்றைய அளவும் வெள்ள வாய்ப்பும் பூங்கா அலுவலகத்தில் எழுதிப் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் தண்ணீரில் காலை வைக்கக் கூடாது. நடக்கும்போது தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சுள்ளிகளும் சருகுகளும் மிதந்து வந்தால், இரைச்சல் ஏறினால், யோசிக்காமல் எட்டிய மேட்டில் ஏறிவிட வேண்டும். திரும்பி ஓடிப் பயனில்லை. இன்னொன்று, அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, தலையை முக்கவும் கூடாது. 2020 ஜூலையில் ஆற்றில் விளையாடிய ஒரு நாய் இறந்த பிறகு, ஆற்றடிக் கற்களில் படரும் நீலப்பச்சைப் பாசி நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்குவது தெரியவந்தது.

பூங்காவைவிட்டுக் கிழக்கு வாசல் வழியாக வெளியேறுவது என் விருப்பம். வழியில் 1.8 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலை. 1930-இல் திறந்தார்கள். பாறைச் சுவரில் முதலில் சன்னல்கள் குடைந்து, அந்தச் சன்னல்கள் வழியாக உள்ளே புகுந்து இருபக்கமும் தோண்டினார்கள். இடிபாட்டை அதே சன்னல்கள் வழியாகப் பள்ளத்தில் தள்ளினார்கள். தோண்ட எளிதான கல் என்பதால் வேலை விரைவாக முடிந்தது. அதே காரணத்தால் 1958-இல் ஒரு கல்தூண் இடிந்தது; பிறகு முழு நீளத்துக்கும் கான்கிரீட் வளையங்கள் கொடுத்துத் தாங்கியிருக்கிறார்கள்.

சுரங்கத்தைத் தாண்டியதும் கேன்யன் ஓவர்லுக் என்ற சிறு நடைபாதை தொடங்குகிறது. போய்வர ஒன்றரைக் கிலோமீட்டர்தான். கார் நிறுத்த இடம் மிகக் குறைவு, விடியலிலேயே போய்விட வேண்டும். பாதை பைன் கிரீக் என்ற ஓடையின் மேலே, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு போகிறது. கீழே பார்த்தால் ஓடை தெரியாது. நவஹோ மணற்கல்லில் ஒரு கறுத்த கீறல் மட்டும் தெரியும், அடியில் வெளிச்சம் இல்லை. பாதையின் முடிவில் பாறை விளிம்பில் நின்று எதிரே பார்த்தால், அதே பைன் கிரீக் கீறலைவிட்டு வெளியேறி, அகன்ற பள்ளத்தாக்கின் நடுவே மரங்களோடு போய்க்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு செங்குத்து வீழ்ச்சி. அதற்கு மேலே ஓடை நவஹோவுக்குள் ஓடுகிறது, கீழே கயென்டாவின் மேல். சிவந்த சுவர் முடிந்து புதர் மண்டிய சரிவு தொடங்கும் கோட்டை எதிர்ச் சுவரில் பிடித்துக்கொண்டு, அதை வீழ்ச்சிவரை கண்ணால் இழுத்து வந்தால், இரண்டும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும்.